அப்பா விட்டுப்போன ஒரு பை மருந்து: எதை எங்கே போடுவது?

கிளிமூக்கு:

அப்பா போய் ஐந்து மாதம் ஆகிறது. சட்டை, கண்ணாடி, செருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து யாருக்காவது கொடுத்துவிட்டோம், மருந்துப் பையை மட்டும் யாரும் தொடவில்லை. அலமாரியின் கீழ்த்தட்டில் அப்படியே கிடந்தது. நேற்று தங்கை வந்திருந்தபோது அவளுடைய மூன்று வயது மகள் அந்தப் பையை இழுத்துத் தரையில் கொட்டி, அட்டைகளை நிறவாரியாக அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ரோஸ் ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை. எந்த அட்டையிலும் புதிதாகக் குழி உடையவில்லை, வாயிலும் எதுவும் இல்லை. ஆனாலும் எனக்குக் கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது.

உள்ளே இருப்பது: பிரஷர், சுகர் மாத்திரைகள் ஏராளம், பாதியில் நின்ற ஆன்டிபயாட்டிக், இருமல் சிரப், கண்ணில் விடும் சொட்டு, இரண்டு இன்ஹேலர், பாதி காலியான இன்சுலின் பேனாக்கள், அதற்கான ஊசிகள் ஒரு பாட்டிலில். கடைசி இரண்டு மாதம் புற்றுநோய் வலிக்காகக் கொடுத்த மார்ஃபின் மாத்திரையும், தோலில் ஒட்டும் ஃபென்டனில் பேட்ச் மூன்றும் இருக்கின்றன. அதற்கு முன் சாப்பிட்ட கீமோ கேப்ஸ்யூலிலும் கொஞ்சம் மிச்சம்.

எரித்துவிடு என்கிறார் மாமா. டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் ஊற்று என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். நல்ல மருந்தைப் போய் வீணாக்குவதா, யாருக்காவது கொடு என்கிறான் தம்பி. வாங்கிய கடையில் கேட்டதற்கு ஒருமுறை விற்றதைத் திரும்ப எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். என்னதான் செய்வது?

இன்னொன்று. எங்கள் குடியிருப்பில் அறுபது வீடு இருக்கிறது, எல்லார் வீட்டிலும் இப்படி ஒரு பை இருக்கும் என்று நினைக்கிறேன். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெட்டி வைத்துச் சேகரித்தால் என்ன?

முன்னாள் கம்பவுண்டர்:

தம்பி, முதலில் அந்தப் பையைப் பூட்டி வைத்துவிட்டு மீதியைப் படியுங்கள். முப்பது வருடம் மருந்துக்கடை கவுண்டருக்குப் பின்னால் நின்றவன் என்கிற முறையில் சொல்கிறேன், எல்லாரும் எக்ஸ்பயரி தேதியைப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள், அது தப்பு. ஒரு குழந்தை தவறுதலாக எடுத்தால் எது முதலில் உயிரை எடுக்கும் என்று பார்த்துப் பிரியுங்கள். அப்படிப் பார்த்தால் உங்கள் பையில் முதல் இடம் அந்த மூன்று பேட்சுக்கு. இரண்டாவது மார்ஃபின்.

பேட்ச் பற்றிப் பலருக்குத் தெரியாத விஷயம், மூன்று நாள் ஒட்டி எடுத்த பிறகும் அதற்குள் கணிசமான மருந்து மிச்சமிருக்கும். பயன்படுத்தித் தூக்கிப்போட்ட பேட்சைக் குழந்தைகள் எடுத்து வாயில் வைத்தும் உடம்பில் ஒட்டிக்கொண்டும் இறந்திருக்கிறார்கள். அதனால் அப்பாவுக்குக் கடைசியாக ஒட்டி எடுத்தது மெத்தைக்கு அடியிலோ குப்பைக்கூடையின் அடியிலோ ஒட்டிக்கொண்டு கிடக்கிறதா என்றும் ஒருமுறை பாருங்கள்.

மருந்தைத் திரும்ப எடுக்கும் இடம் பக்கத்தில் இருந்தால் இவற்றையும் அங்கே கொடுப்பதுதான் நல்லது. சிகிச்சை கொடுத்த வலிநிவாரணப் பிரிவில் கேளுங்கள், பல இடங்களில் வாங்கிக்கொள்வார்கள். அப்படி எதுவும் இல்லை என்றால், வீட்டில் ஒரு நாள்கூட வைத்திருக்காமல் டாய்லெட்டில் போட்டுத் தண்ணீர் விடலாம். நான் சொல்வது இந்த வகைக்கு மட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ இதற்கென்றே ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் பெரும்பாலும் ஃபென்டனில், மார்ஃபின், ஆக்ஸிகோடோன், மெத்தடோன் மாதிரியான கடும் வலிநிவாரணிகள்தான். இந்தியாவில் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் இப்படி 17 மருந்துகள் இருக்கின்றன. ஒரே ஒரு தடவை தப்பாகப் போனாலும் உயிர் போகும் மருந்து என்பதால்தான் தண்ணீர் கெடுவதைக்கூடப் பொறுத்துக்கொண்டு இந்த விதிவிலக்கு. பிரஷர் மாத்திரைக்கும் இருமல் சிரப்புக்கும் இது கிடையாது.

பேட்சைப் பசைப்பக்கம் உள்ளே இருக்குமாறு இரண்டாக மடித்து ஒட்டிவிட்டுப் போடுங்கள். கையில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவினால் போதும், சோப்பும் ஸ்பிரிட்டும் வேண்டாம்.

கீமோ கேப்ஸ்யூலைக் கையால் தொடாதீர்கள், பிரிக்காதீர்கள், குப்பைக்கும் போகக்கூடாது, டாய்லெட்டுக்கும் போகக்கூடாது. அட்டையோடு ஒரு கவரில் போட்டு ஒட்டி, மேலே என்ன மருந்து என்று எழுதி, அதைக் கொடுத்த மருத்துவமனைக்கே எடுத்துப் போங்கள். புற்றுநோய்ப் பிரிவில் இப்படிப்பட்ட கழிவைத் தனியாக அனுப்ப ஏற்பாடு இருக்கும்.

மற்ற மாத்திரைகளுக்கும் சேகரிக்கும் இடம் எங்குமே இல்லை என்றால் கடைசி வழி குப்பைதான், ஆனால் அட்டையோடு அப்படியே வீசுவதில்லை. மாத்திரைகளை வெளியே எடுத்து, நசுக்காமல் (தூள் உங்கள் மூக்குக்குள் போகும், அதில் என்ன லாபம்), ஈர மண்ணோ மரத்தூளோ நாற்றமடிக்கும் சமையலறைக் கழிவோ சேர்த்துக் குழப்பி, ஒழுகாத பையில் கட்டிப் போடுங்கள். பார்ப்பவருக்கு மருந்து என்று தெரியக்கூடாது, நாய்க்கும் மோந்து பார்த்தால் பிடிக்கக்கூடாது. சிரப்பையும் அதே கலவையில் ஊற்றிவிடலாம். டப்பாவில் ஒட்டிய சீட்டில் பெயர், விலாசம், நோய் விவரம் இருந்தால் கிழித்துவிடுங்கள், வெறும் காகிதப் பெட்டியும் உள்ளே மடித்து வைத்த தாளும் பழைய பேப்பரோடு போகலாம்.

மொட்டைமாடி:

இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவையா? நான் இருபது வருடமாக எல்லா மருந்தையும் டாய்லெட்டில்தான் போடுகிறேன், ஒன்றும் ஆகவில்லை. தண்ணீரில் கலக்கும் மருந்தில் பெரும்பங்கு மனிதன் சாப்பிட்டுச் சிறுநீரில் வெளியேற்றுவதுதானே, அதை என்ன செய்வீர்கள்?

அப்புறம் எக்ஸ்பயரி என்பதே பாதி வியாபாரம். அமெரிக்க ராணுவத்துக்காகச் சேமித்து வைத்த மருந்துகளைச் சோதித்த கணக்கு 2006-ல் வெளியானது. 122 மருந்துகளில் 3005 தொகுதிகள் எடுத்துப் பார்த்ததில் 88 சதவீதத்துக்குக் காலாவதிக்குப் பிறகும் குறைந்தது ஒரு வருடம் நீட்டிப்பு கொடுக்க முடிந்தது. உங்கள் தம்பி சொல்வதுதான் சரி. பிரிக்காத அட்டையை ஏதாவது இலவச மருத்துவமனைக்குக் கொடுங்கள். இதைக் குப்பையில் கொட்டித்தான் கழுகெல்லாம் செத்துப்போனது.

முன்னாள் கம்பவுண்டர்:

மொட்டைமாடி சார், அந்த 88 சதவீதம் உண்மைதான், நானும் படித்திருக்கிறேன். ஆனால் அவை பிரிக்காத மூலப் பெட்டியில், சரியான வெப்பநிலையில் கிடங்கில் இருந்த சரக்கு. கிளிமூக்கு வீட்டு அலமாரியில் வெயில் காலம் எப்படிப் போனது என்று யாருக்குத் தெரியும்? பெரும்பாலான இன்சுலினுக்குத் திறந்த பிறகு ஏறக்குறைய 28 நாள்தான், கண் சொட்டுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். குழந்தைக்குத் தண்ணீர் கலந்து கொடுக்கும் ஆன்டிபயாட்டிக் சிரப் ஒன்றிரண்டு வாரம் தாங்கும். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் நைட்ரோகிளிசரின் மாத்திரை வீரியம் இழந்திருந்தால் அது தெரிய வருவதே நெஞ்சு வலிக்கும்போதுதான். கெட்டுப்போன டெட்ராசைக்ளின் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதித்த கதை 1963-லேயே மருத்துவ ஏடுகளில் வந்துவிட்டது.

இலவச மருத்துவமனைக்குக் கொடுப்பது கேட்க நன்றாக இருக்கிறது. நோயாளி கைக்குப் போய்த் திரும்பிய மருந்தை நன்கொடையாக அனுப்பக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1996-ல் வழிகாட்டியில் எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. போஸ்னியாவில் போர் நடந்த வருடங்களிலும் அது முடிந்த கையோடும், 1992 முதல் 1996 நடுவரைக்கும், உதவாத மருந்தாக வந்து குவிந்தது மட்டும் 17,000 டன் என்று கணக்கிட்டார்கள். கடைசியில் அதை அழிப்பது அவர்கள் தலையில் விழுந்தது. பிரான்சில் மருந்துக்கடை வழியாகத் திரும்பி வந்த மருந்தில் நல்லதைப் பொறுக்கி வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், 2008-ஓடு அதையும் நிறுத்திவிட்டார்கள். இப்போது வாங்குவது எரிப்பதற்கு மட்டும்.

மிச்சமான ஆன்டிபயாட்டிக்கை "அடுத்த தடவைக்கு ஆகும்" என்று வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த தடவை வருவது அதே கிருமியாக இருக்கும் என்று சொல்ல முடியாது, அந்தப் பாதி அட்டையில் இருப்பது எந்த நோய்க்கும் முழு அளவும் கிடையாது.

தண்ணிவண்டி:

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்க்கிறேன், ஆகவே டாய்லெட் பக்கத்து நியாயத்தை நான் சொல்கிறேன். மருந்தில் பெரும்பங்கு சிறுநீரில்தான் வருகிறது என்பது சரி. அதை நிறுத்த முடியாது, நோயாளி மருந்து சாப்பிடத்தான் வேண்டும். முழு அட்டையாகக் கொட்டுவதை நிறுத்த முடியும், அதற்கு யார் உடம்பும் கெடாது. எங்கள் தொட்டிகளில் இருக்கும் நுண்ணுயிர்கள் மலத்தையும் உணவுக் கழிவையும் தின்னும், எல்லா மாத்திரையையும் தின்னாது. வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமாஸெபின் என்ற மருந்து ஒரு பக்கம் உள்ளே வந்து மறுபக்கம் ஏறக்குறைய அப்படியே வெளியே போகும். நாங்கள் கஷ்டப்பட்டுச் சுத்தம் செய்து ஆற்றில் விடும் தண்ணீரில் அது இருக்கும்.

கொஞ்சூண்டு மருந்து என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்குக் கனடாவில் நடந்ததைத்தான் சொல்வேன். ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கிய ஓர் ஏரியில் 2001 முதல் 2003 வரை கருத்தடை மாத்திரையில் இருக்கும் செயற்கை ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைக் கலந்து பார்த்தார்கள். லிட்டருக்கு 5, 6 நானோகிராம், அதாவது ஒரு கிராமை நூறு கோடி பங்காக்கி அதில் ஐந்தாறு. ஆண் மீன்களின் உடம்பில் முட்டைப் புரதம் உண்டானது, ஒரு சிறு மீன் இனம் அந்த ஏரியில் அநேகமாக இல்லாமலே போனது. கலப்பதை நிறுத்திய பிறகு சில வருடங்களில் மீண்டு வந்தது என்பது ஒரு ஆறுதல்.

கழுகு விஷயம் வேறு, அதை இதோடு சேர்க்காதீர்கள். தெற்காசியாவில் பிணந்தின்னிக் கழுகுகள் அழிந்ததற்குக் காரணம் மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக். ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் போனது. 2004-ல் கண்டுபிடித்தார்கள், 2006-ல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைக்கு அந்த மருந்தைத் தடை செய்தன. அதில் வீட்டுக் குப்பைக்குப் பங்கு இல்லை.

எரிக்கச் சொன்ன மாமாவுக்கு: மாத்திரை அட்டையில் பெரும்பாலும் பி.வி.சி பிளாஸ்டிக். திறந்த வெளியில் கொளுத்தினால் அமில வாயுவும் டயாக்ஸின் என்ற நச்சும் வரும். மருந்தை அழிக்கும் உலைகளை 850 டிகிரிக்கு மேல் வைத்துத்தான் எரிப்பார்கள், கொல்லையில் மூட்டும் தீக்கு அந்தச் சூடு வராது. இன்ஹேலரைத் தீயில் போட்டால் வெடிக்கும், ஓட்டையும் போடாதீர்கள். எண்ணிக்கை பூஜ்யம் காட்டினாலும் உள்ளே வாயு இருக்கும், அந்த வாயுவே பெரும்பாலானவற்றில் கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைப்பது. அதைத் திரும்பக் கொடுக்க இடம் இருந்தால் விடாதீர்கள்.

மூணாவது மாடி அக்கா:

தம்பி, பெட்டி விஷயத்துக்கு நான் வருகிறேன், ஏனென்றால் நான் வைத்துப் பட்டவள்.

ஆசையாக ஆரம்பித்தேன். நல்ல அட்டைப்பெட்டி, மேலே ஒரு துளை, மாடிப்படிக்குக் கீழே, நீங்கள் நினைக்கிற அதே இடம். முதல் வாரத்திலேயே நிரம்பிவிட்டது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது வாரம் காலி செய்யலாம் என்று திறந்தால், நான் மேலாகப் பார்த்து வைத்திருந்த தூக்க மாத்திரை அட்டை இரண்டும் காணோம். யாரோ துளைக்குள் கை விட்டு எடுத்திருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது, தெரிந்தால்தான் என்ன, பூட்டில்லாத பெட்டியில் போதை தரும் மருந்தைச் சேர்த்து வைத்தது நான்தானே.

அது முடியவில்லை. பெட்டியின் அடியில் யாரோ மூடியில்லாத ஊசிகளை உதிரியாகப் போட்டிருந்தார்கள், பிரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு விரலில் குத்திவிட்டது. ரத்தப் பரிசோதனை, தடுப்பு மருந்து, மறுபடி பரிசோதனை என்று அவள் எத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தாள் தெரியுமா? இப்போதும் அவளைப் பார்த்தால் எனக்குத் தலை குனியும்.

எல்லாவற்றுக்கும் மேலே, வாங்கிக்கொள்கிறோம் என்று வாயால் சொன்ன இடத்தில் மூட்டையோடு போய் நின்றால் இவ்வளவு எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு மூட்டை மருந்து என் வீட்டில், துணி அலமாரிக்குள், மூன்று வாரம் இருந்தது. மொத்தக் குடியிருப்பின் ஆபத்தையும் கூட்டிக்கொண்டு வந்து என் வீட்டில் வைத்துக்கொண்ட மாதிரி.

அடுத்த தடவை வேறு மாதிரி செய்தோம். பெட்டி கிடையாது, வருடத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை, காலையில் மூன்று மணி நேரம். யார் கடைசியில் வாங்கி எரிக்கப்போகிறார்கள், எத்தனை கிலோ வரை, என்றைக்கு வண்டி வரும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகுதான் தேதியே அறிவித்தோம். மேசையில் ஒரு பார்மசிஸ்ட் உட்கார்ந்தார். ஊசி வாங்கமாட்டோம், மார்ஃபின் வகையும் வாங்கமாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லி, அதை எங்கே கொடுப்பது என்று மட்டும் ஒரு சீட்டு கொடுத்தோம். வலிநிவாரணி, போதை தரும் மருந்து விஷயத்தில் பல நாடுகளில் சட்டமே கடுமை, ஒருவர் மருந்தை இன்னொருவர் வாங்கி வைத்திருந்தாலே வழக்கு வரலாம், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் இறங்காதீர்கள். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் வண்டி வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டது, என் அலமாரிக்குள் ஒரு அட்டைகூட வரவில்லை.

மொட்டைமாடி:

அக்கா, சரி, ஒத்துக்கொள்கிறேன். கழுகையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆனால் இதையெல்லாம் ஏன் நாம் தலையில் தூக்கிச் சுமக்க வேண்டும்? விற்றவன் திரும்ப எடுக்கட்டுமே.

முன்னாள் கம்பவுண்டர்:

இந்த முறை நானும் உங்கள் பக்கம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2004-லேயே உறுப்பு நாடுகள் எல்லாவற்றிலும் மருந்து சேகரிக்கும் ஏற்பாடு இருக்கவேண்டும் என்று சட்டத்தில் எழுதிவிட்டது. பிரான்சில் 1993-ல் தொடங்கிய சிக்ளாமெட் என்ற அமைப்புக்கு மருந்து நிறுவனங்கள் பணம் கட்டுகின்றன, கடைகள் வாங்கி வைக்கின்றன, மக்கள் கையை வீசிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டு வருகிறார்கள். அந்த மாதிரி இல்லாத இடத்தில்தான் அக்கா மாதிரி ஒருத்தர் அலமாரியில் மூட்டை கட்டி வைக்க வேண்டியிருக்கிறது.

வாசல்பெருக்கி:

ஊசி பற்றி யாரும் முழுசாகச் சொல்லவில்லை. என் சித்தப்பா குப்பை பிரிக்கும் வேலையில் இருந்தவர், கையுறை இருந்தும் இரண்டு தடவை குத்து வாங்கியவர். கண்ணாடி பாட்டில் வேண்டாம், உடையும். மெல்லிய தண்ணீர் பாட்டிலும் வேண்டாம், அதைத் துளைத்துக்கொண்டு ஊசி வெளியே வரும். சோப்புத் திரவம் வரும் தடித்த பிளாஸ்டிக் டப்பா நல்லது. ஊசியை வளைக்காமல், மறுபடி மூடி மாட்டப் பார்க்காமல் (பல பேருக்குக் குத்துவது அப்போதுதான்) நேராக உள்ளே போடுங்கள், முக்கால்வாசி நிரம்பியதும் மூடி டேப் சுற்றி மேலே "ஊசி" என்று பெரிதாக எழுதி, ஊசி வாங்கும் மருத்துவமனையிலோ ஆய்வகத்திலோ கொடுங்கள். பாட்டில், பேப்பரோடு மறுசுழற்சிக்குப் போடவே போடாதீர்கள். அங்கே எல்லாவற்றையும் கையால்தான் பிரிப்பார்கள்.

கிளிமூக்கு:

எல்லாருக்கும் நன்றி. இன்று உட்கார்ந்துவிட்டேன்.

கம்பவுண்டர் ஐயா சொன்ன மாதிரி முதலில் பேட்ச். வலிநிவாரணப் பிரிவுக்குப் போன் செய்தேன், மார்ஃபினையும் பேட்சையும் அவர்களே வாங்கிக்கொள்கிறார்களாம், மருந்துச் சீட்டோடு நாளைக் காலை வரச் சொன்னார்கள், கீமோ கேப்ஸ்யூலையும் அதே கட்டடத்தில் கொடுத்துவிடலாம். கட்டிலைத் தள்ளிப் பார்த்தேன், சுவரோரம் ஒரு பழைய பேட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது. தங்கை மகள் ஒளிந்து விளையாடுவது அங்கேதான். அதையும் மடித்து அந்தக் கவருக்குள் போட்டுவிட்டேன். பெட்டி யோசனையைக் கைவிட்டாயிற்று, அக்காவுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், அந்த ஒப்பந்தக் கடிதத்தை எப்படி எழுதினீர்கள் என்று.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி எடுக்கத்தான் நேரம் ஆனது. ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் அப்பா பால்பாயின்ட் பேனாவால் "கா", "இ" என்று எழுதி வைத்திருக்கிறார், காலை, இரவு. ஒன்றில் "சா.மு" என்று எழுதி அடித்துவிட்டு "சா.பி" என்று திருத்தியிருக்கிறார். காலி அட்டைதானே, அந்த ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

கடைசியாக ஒரு சந்தேகம். பையின் அடியில் ஒரு பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர், பாதரசம் உள்ளது, இருக்கிறது. உடையவில்லை. இதையும் மண்ணோடு சேர்த்துக் கட்டிவிடலாமா?

தண்ணிவண்டி:

வேண்டவே வேண்டாம். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் துணி சுற்றி வைத்து மூடுங்கள், அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் தனியாகக் கொடுக்க வேண்டும். நாளைக்கு மருத்துவமனை போகிறீர்கள் அல்லவா, அங்கேயே கேட்டுப் பாருங்கள், அவர்களும் பழைய பாதரசக் கருவிகளைக் கழித்துக்கொண்டுதான் இருப்பார்கள். வண்டியில் போகும்போது பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள்.